மீதிப் பாதி யாருடையது? அமெரிக்கப் பகுதிநேரப் பள்ளிகளை முன்வைத்து

பள்ளிக்கூடம் வேண்டுமா வேண்டாமா என்கிற விவாதம் நம் சிற்றிதழ்களுக்கு இவான் இல்லிச்சின் பெயரோடு வந்தது. பாவ்லோ ஃப்ரெய்ரேயின் பெயரோடு கொஞ்சம் திசை மாறியது. பிறகு மெட்ரிக் பள்ளிகளின் கட்டணக் கொள்ளை பற்றிய (முற்றிலும் நியாயமான) கோபத்தில் கரைந்து போனது. வேண்டும், வேண்டாம் என்கிற இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: 'பாதி போதும்.' இதை ஒரு நிறுவனமாகவே கட்டி, கட்டணம் வைத்து, முப்பது வருஷத்துக்கு மேலாக நடத்திக்கொண்டிருக்கிறார்கள் அமெரிக்காவில். இந்தப் பாதி என்பது என்ன, அது யாருக்குக் கட்டுப்படியாகிறது, விடுபட்ட மீதிப் பாதி எங்கே போய் விழுகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். இவற்றுக்கு 'யுனிவர்சிட்டி மாடல் பள்ளி' என்று ஒரு பெயர், 'ஹைபிரிட் ஹோம்ஸ்கூல்' என்று இன்னொரு பெயர். சின்ன வகுப்புப் பிள்ளைகள் பெரும்பாலும் வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்குப் போகிறார்கள். மேல் வகுப்புகளில் அது மூன்று நாளாகிறது. அங்கே கல்லூரிகளில் திங்கள்-புதன்-வெள்ளி ஒரு வரிசை, செவ்வாய்-வியாழன் இன்னொரு வரிசை என்று வகுப்புகள் நடக்கும். அந்தக் கால அட்டவணையைப் பள்ளிக்குக் கொண்டுவந்ததால்தான் பல்கலைக்கழகத்தின் பெயர் இதற்கு வந்தது. மீதி நாட்கள் வீட்டில். அதை லீவு என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டு நாளில் எந்தப் பாடத்தில் எந்தப் பக்கம், எத்தனை கணக்கு, எந்தக் கட்டுரை, எந்தச் சோதனை என்று ஆசிரியர் எழுதி அனுப்பிவிடுவார். அதை நடத்தி முடித்து, மறுநாள் பிள்ளையின் பையில் வைத்து அனுப்புவது பெற்றோரின் வேலை. பெற்றோருக்கு 'இணை ஆசிரியர்' என்று பட்டம். வீட்டுக்குப் பெயர் 'சாட்டிலைட் வகுப்பறை', துணைக்கோள் வகுப்பறை. பிள்ளை வளர வளர இணை ஆசிரியர் பட்டம் தேய்ந்து, மேல்நிலை வகுப்பில் வெறும் மேற்பார்வையாளராக மிஞ்சும் என்பது திட்டம்.

இதை நம் ஊர் டியூஷனோடு குழப்ப வேண்டாம். டியூஷனில் பள்ளி முழுசாக இருக்கும், அதன் தலை மேல் இன்னொரு பள்ளி ஏறி உட்காரும். இங்கே பள்ளி தன்னைக் குறைத்துக்கொள்கிறது. முழு வீட்டுக்கல்வியும் அல்ல இது. அங்கே பாடத்திட்டத்தைத் தேர்வதிலிருந்து மதிப்பெண் போடுவது வரை குடும்பத்தின் கையில். இங்கே பாடத்திட்டம், மதிப்பெண், சான்றிதழ் மூன்றும் பள்ளியின் கையில். ஜார்ஜியாவில் கென்னசா ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் வேர்ன் இப்பள்ளிகளைத் தொடர்ந்து ஆராய்ந்து 2020இல் ஒரு நூல் எழுதினார். இவை பெரும்பாலும் சிறியவை, பெரும்பாலும் மதச் சார்புள்ளவை என்பது அவர் தரும் சித்திரம். அவர் இவற்றுக்கு அனுதாபமானவர் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இந்த வகையின் முன்மாதிரியாகச் சொல்லப்படுவது டெக்சாஸில், டல்லாஸுக்கும் ஃபோர்ட் வொர்த்துக்கும் நடுவே இருக்கிற ஆர்லிங்டன் நகரில் 1993இல் தொடங்கப்பட்ட கிரேஸ் பிரிபரேட்டரி அகாடமி. கிறிஸ்தவப் பள்ளி. அதே ஆர்லிங்டனின் பெயர் இன்னொரு விஷயத்துக்காகவும் அமெரிக்கக் கல்விச் சட்ட வரலாற்றில் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் டெக்சாஸ் கல்வித்துறை, வீட்டில் வைத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது தனியார் பள்ளி ஆகாது என்று ஒரு நிலை எடுத்தது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று பல பெற்றோர் மீது வழக்குப் போட்டார்கள். எதிர்த்து 1985இல் சில குடும்பங்கள் ஆர்லிங்டன் பள்ளி மாவட்டத்தையும் பிறவற்றையும் நீதிமன்றத்துக்கு இழுத்தன. லீப்பர் வழக்கு என்று பெயர். கீழ் நீதிமன்றத்தில் 1987இல் வென்றார்கள். 1994இல் மாநில உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமைப் பண்பு ஆகியவற்றை உண்மையாகவே ஒரு பாடத்திட்டப்படி சொல்லிக்கொடுத்தால் வீடும் ஒரு தனியார் பள்ளிதான் என்று ஆயிற்று. இன்றைக்கு டெக்சாஸில் வீட்டுக்கல்விக் குடும்பம் அரசிடம் பதிவு செய்யவேண்டியதில்லை, அரசுத் தேர்வும் எழுதவேண்டியதில்லை. வீடே தனியார் பள்ளி என்று சட்டம் ஒப்புக்கொண்ட இடத்தில், பாதி வீடும் பாதி பள்ளியுமான ஒன்றைக் கேள்வி கேட்க அரசுக்கு எந்தக் கால் இருக்கும்?

இந்தச் சட்டங்களுக்குப் பின்னால் இன்னும் நீளமான ஒரு கதை இருக்கிறது. அதில் நல்லவர் கெட்டவர் என்று கோடு கிழிப்பது சிரமம். 1922இல் ஓரிகன் மாநிலம் எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக்குத்தான் போகவேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. கேட்கிறபோது சமதர்மம் மாதிரி இருக்கும். அதற்குப் பின்பலமாக நின்றவர்களில் கு க்ளக்ஸ் க்ளானும் உண்டு. குறி, கத்தோலிக்கக் குடியேறிகளின் பள்ளிகள். 1925இல் பியர்ஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிள்ளை அரசின் உடைமை இல்லை என்கிற வாதம் அங்கேதான் சட்ட பலம் பெற்றது. பிற்பாடு அதே வாதத்தை எடுத்துக்கொண்டவர்கள் வேறு ஆட்கள். 1954இல் பிரௌன் தீர்ப்பு, நிறவாரிப் பள்ளிகள் செல்லாது என்றது. வர்ஜீனியாவில் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி தன் அரசுப் பள்ளிகளை 1959இல் இழுத்து மூடிவிட்டு, 1964 வரை திறக்கவில்லை. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் அகாடமி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பினப் பிள்ளைகளுக்கு எதுவும் இல்லை. 1962, 63 தீர்ப்புகளில் அரசுப் பள்ளியில் ஜெபமும் பைபிள் வாசிப்பும் போயிற்று. இந்த இரண்டு கோபங்களும் சேர்ந்த ஒரு வெள்ளை எவாஞ்சலிக்கல் கூட்டம் அரசுப் பள்ளியை விட்டு வெளியே வந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான், எதிர்ப்பக்கத்திலிருந்து ஜான் ஹோல்ட் வந்தார். பள்ளிக்குள் சீர்திருத்தம் சாத்தியமில்லை என்று முடிவு கட்டி 1977இல் 'க்ரோயிங் வித்தவுட் ஸ்கூலிங்' என்ற சிறு பத்திரிகையைத் தொடங்கியவர். இடதுசாரி மனநிலையும் ஹிப்பி வாசனையும் கொண்ட வாசகர்கள் அதற்கு. 1985இல் அவர் இறந்தபோது இயக்கத்தின் எண்ணிக்கை பலம் மெல்லச் சபைகளின் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.

பாதிப் பள்ளிகள் நிறவெறி அகாடமிகளின் வாரிசுகள் என்று நான் சொல்ல வரவில்லை. தனியார் பள்ளியும் நிறத்தைக் காரணம் காட்டிப் பிள்ளையைத் தள்ளக்கூடாது என்று 1976இலேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. வடிகட்டி வேறு இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு வீட்டைக் காட்ட வேண்டும்.

டல்லாஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் என் சித்தி மகள் இருக்கிறாள். நான் ஆறு வாரம் அங்கே தங்கியிருந்தேன். பாளையங்கோட்டையில் எம்.எஸ்ஸி. கணிதம் படித்தவள். மாப்பிள்ளை மென்பொருள் வேலை விசாவில் போனவர். அவளுக்குச் சார்பு விசா. கூடவே போகலாம், வேலை பார்க்கக் கூடாது. 2015இல் விதி மாறி, நிரந்தரக் குடியுரிமைக்கு வரிசையில் நிற்கிறவர்களின் துணைவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி கிடைத்தது. அவளுக்கும் கிடைத்தது. ஒரு கல்லூரியில் பகுதிநேரமாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மூத்தவனுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு ஆறு. இரண்டு பேரையும் ஒரு பாதிப் பள்ளியில் சேர்த்ததும் அந்த வேலையை விட்டுவிட்டாள்.

சேர்க்கையின்போது விசுவாச அறிக்கை ஒன்றில் தாயும் தகப்பனும் கையெழுத்துப் போட வேண்டும். நாசரேத், மெஞ்ஞானபுரம் வழி வந்த குடும்பம், அதில் சிக்கல் இல்லை. நேர்காணலில் கேட்ட கேள்விகளில் ஒன்று: வீட்டு நாட்களில் வீட்டில் யார் இருப்பார்கள்? மாப்பிள்ளை அவளைப் பார்த்தாராம். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அட்டவணை ஒட்டியிருக்கும். எட்டரைக்குச் சின்னவளுக்கு எழுத்துக்கூட்டல். அதே நேரம் மூத்தவனுக்கு நீள் வகுத்தல். ஒருத்தியின் பென்சிலைத் திருத்திக்கொண்டே மற்றவனின் மீதியைச் சரிபார்ப்பாள். பத்தரைக்கு வரலாறு. மத்தியானச் சோறு. பிறகு லத்தீன் (அவள் தன் வாழ்நாளில் படிக்காத மொழி, மகனுக்கு ஒரு பாடம் முன்னே ஓடிக்கொண்டிருந்தாள்). முடிந்த தாள்களைப் போனில் படம் பிடித்து அனுப்ப வேண்டும். சின்னவளின் கையெழுத்து பற்றி ஆசிரியையிடமிருந்து ஒருநாள் குறிப்பு வந்தது. மிகவும் மரியாதையான குறிப்புதான். ஆனால் அதை வாசிக்கும்போது அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். அது பிள்ளைக்கு வந்த குறிப்பாக இல்லை, அவளுக்கு வந்த மார்க்காக இருந்தது.

"செலவு எப்படிம்மா?" என்று கேட்டேன்.

"மத்த பிரைவேட் ஸ்கூலப் பாத்தா ஃபீஸு பாதிதாண்ணே."

"மீதிப் பாதி?"

"மீதிப் பாதி நாந்தான்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவள் வருத்தத்தில் சொல்லவில்லை. பிள்ளைகள் வளர்வதைக் கண்ணால் பார்க்க முடிகிறது, அவர்கள் தூங்குகிறார்கள், விளையாடுகிறார்கள், புத்தகம் வாசிக்க அவர்களுக்குப் பொழுது இருக்கிறது என்பதெல்லாம் அவள் சொன்னவை, நானே பார்த்தவையும்கூட. தன்னந்தனியாக வீட்டுக்கல்வி நடத்துகிற அம்மாக்களைவிடத் தனக்குத் தெம்பு அதிகம், பின்னால் ஒரு பள்ளி இருக்கிறது என்றாள். இதையெல்லாம் ஏமாற்று, பொய் உணர்வு என்று ஒதுக்கிவிட்டுப் பேசுகிற விமர்சனம் எதற்கும் உதவாது.

ஆனாலும் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வருஷத்துக்கு 36 வாரம், வாரத்துக்கு மூன்று வீட்டு நாள், நாளைக்கு ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 540 மணி நேரம். அமெரிக்கக் கூட்டரசின் குறைந்தபட்சக் கூலி 2009இல் மணிக்கு 7.25 டாலர் என்று வைத்ததோடு நிற்கிறது. அந்த அடிமாட்டு விலையில் போட்டாலே 3,915 டாலர். ஒரு கணிதப் பட்டதாரியின் மணி நேரத்துக்கு அந்த விலையா என்பது வேறு கேள்வி. அவள் விட்ட சம்பளம், வண்டி ஓட்டிய நேரம், பள்ளி நாளிலும் முறை வைத்துச் செய்கிற சாப்பாட்டு மேற்பார்வை எதுவும் இதில் சேரவில்லை. கட்டணம் பாதியாவது பள்ளியின் சிக்கனத்தால் மட்டுமல்ல. பள்ளி செய்யவேண்டிய உழைப்பில் ஒரு பெரும்பகுதி கூலியற்றதாக மாறி, ஒரு பெண்ணின் உடம்புக்குள் போயிருக்கிறது. 1972இல் மரியரோசா தல்லா கோஸ்தாவும் செல்மா ஜேம்ஸும், 1975இல் சில்வியா ஃபெடரீச்சியும் சமையலையும் துவைப்பையும் வைத்துப் பேசியதை இங்கே நீள் வகுத்தலையும் லத்தீனையும் வைத்துப் பேசவேண்டியிருக்கிறது.

அந்தப் பக்கம் வகுப்பறையிலும் இதே கதைதான். இரண்டு நாள், மூன்று நாள் வேலைக்கு வருகிற ஆசிரியர்கள். பலர் அதே பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள். அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு வேலையோடு கட்டப்பட்டது. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே வாரத்துக்கு 30 மணி நேரம் வேலை செய்தால்தான் முழுநேரத் தொழிலாளி. ஐம்பது பேருக்குக் குறைவாக வேலை பார்க்கிற நிறுவனத்துக்கு அந்தக் கடமையும் கிடையாது. பாதிப் பள்ளி இரண்டு கோட்டுக்கும் கீழே சௌகரியமாக உட்கார்ந்துகொள்ளும். கணவனின் வேலையில் காப்பீடு இருக்கிற பெண்தான் அங்கே ஆசிரியையாகத் தாக்குப்பிடிக்க முடியும்.

ஆக, யார் உள்ளே வர முடியாது என்பது தானாகத் தெரிகிறது. இரண்டு பேரும் வேலைக்குப் போனால்தான் வாடகை என்கிற வீடு வர முடியாது. தனியாகப் பிள்ளை வளர்க்கிற தாய் வர முடியாது. வீட்டில் ஆங்கிலம் பேசாத, பள்ளி முடிக்காத பெற்றோர் இணை ஆசிரியர் ஆக முடியாது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் தனிப்பட்ட கல்வித் திட்டம் கேட்டு வாங்கும் சட்ட உரிமை உண்டு. பெற்றோரே விரும்பித் தனியார் பள்ளிக்குப் போனால் அந்தத் தனிநபர் உரிமை போய்விடும். மதிய உணவு வீட்டு நாளில் வீட்டுப் பொறுப்பு. பள்ளிக்கூடம் சோறு போடுகிற இடமாகவும் இருப்பதால்தான் பல பிள்ளைகள் அங்கே வருகிறார்கள் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 'இன்னார் வரக்கூடாது' என்று பலகை மாட்டவே தேவையில்லை. 'வீட்டில் யார் இருப்பார்கள்?' என்கிற ஒரு கேள்வி போதும்.

இந்த இடத்தில் நண்பர்கள் இல்லிச்சைக் கொண்டுவருவார்கள் என்று எனக்குத் தெரியும். பள்ளி என்கிற நிறுவனம் தளர்வது நல்லதுதானே, பிள்ளையை அதன் பிடியிலிருந்து மூன்று நாளாவது விடுவித்தால் என்ன தப்பு? 1971இல் இல்லிச் எதிர்த்தது கட்டடத்தை அல்ல. வயதுவாரி வகுப்பு, கட்டாயப் பாடத்திட்டம், சான்றிதழ், கற்பது என்பதே கற்பிக்கப்படுவதுதான் என்கிற நம்பிக்கை ஆகியவற்றை. பாதிப் பள்ளியில் இவை நான்கும் அப்படியே இருக்கின்றன. வீட்டுக்குப் போகிறபோது இவையும் கூடவே போகின்றன. சமையலறை மேசைக்கு மணி அடிக்கிறது. ஃபூக்கோ கால அட்டவணையைப் பற்றி எழுதியபோது அது மடத்திலிருந்து பள்ளிக்கும் ஆலைக்கும் பரவியதைக் காட்டினார். குளிர்சாதனப் பெட்டியின் கதவு வரை அது வந்துவிட்டது. இதைப் பள்ளி ஒழிப்பு என்று சொல்வது வேடிக்கை. வீட்டைப் பள்ளியாக்குவது என்பதே பொருத்தம்.

இல்லிச்சே இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார். 1981இல் வந்த தன் நூலில் 'நிழல் உழைப்பு' என்றார். கூலி உழைப்பு முழுமையாவதற்காக அதன் நிழலில், கூலியில்லாமல், கட்டாயமாக, அன்பு என்றும் கடமை என்றும் பெயர் சூட்டிச் செய்விக்கப்படுவது. வீட்டுப் பெண்ணின் வேலையை அதற்குத் தலையாய உதாரணமாகச் சொன்னவர், மாணவர்கள் தேர்வுக்கு உருப்போடுவதையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார். இரண்டும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பதை நான் பார்த்தேன்.

அல்தூஸர் 1970இல் எழுதிய கருத்தியல் அரசு எந்திரங்கள் பற்றிய கட்டுரையில், பழைய திருச்சபை-குடும்பம் என்ற ஜோடியின் இடத்தைப் பள்ளி-குடும்பம் என்ற ஜோடி பிடித்துவிட்டது என்கிறார். டெக்சாஸில் நடப்பது அந்த வாக்கியத்துக்கு ஒரு விசித்திரமான பின்குறிப்பு. திருச்சபை வெளியேறவில்லை. பள்ளியின் வழியாக அது குடும்பத்துக்குள் மறுபடி நுழைகிறது. குடும்பமோ பள்ளியின் கிளை அலுவலகமாகிறது. மூன்றும் ஒரே கூரைக்கடியில். ஆனால் அல்தூஸருக்குத் தோன்றாத கேள்வி ஒன்று உண்டு: அந்த எந்திரத்தைத் தினம் எண்ணெய் போட்டு ஓட்டுவது யார்?

அரைநாள் பள்ளி புதிய யோசனையும் இல்லை. இங்கிலாந்தில் 1844ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், எட்டு முதல் பதிமூன்று வயது வரையான பிள்ளைகள் ஆலையில் ஆறரை மணி நேரமும் பள்ளியில் மூன்று மணி நேரமும் இருக்கவேண்டும் என்று பிரித்தது. 'அரைநேரக்காரர்கள்' என்று அவர்களுக்குப் பெயர். முழுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஈடாக, சில வேளை அவர்களைவிட நன்றாக, இவர்கள் படிக்கிறார்கள் என்று ஆலை ஆய்வாளர்கள் எழுதினார்கள். மார்க்ஸ் 'மூலதன'த்தில் அந்த அறிக்கைகளைக் கவனமாக எடுத்தாள்கிறார். உழைப்பும் படிப்பும் இணைகிற எதிர்காலக் கல்வியின் வித்து இதில் இருக்கிறது என்று ராபர்ட் ஓவனைச் சொல்லி ஒப்புக்கொள்கிறார். அதே அத்தியாயத்தில் மீதிப் பாதியில் அந்தப் பிள்ளைகளின் உடம்பு என்னவாயிற்று என்றும் விடாமல் எழுதுகிறார். மூன்று மணி நேரம் படிப்புக்குப் போதும் என்பது உண்மையாகவே இருந்திருக்கலாம். 1918இல் கல்விச் சட்டம் போட்டு அரைநேர முறையை ஒழித்தது படிப்பு போதவில்லை என்பதால் மட்டும் அல்ல, மீதி நேரத்தை ஆலை தின்றது என்பதால்.

நம் வாசகர் மனதில் இந்நேரம் 1953 வந்திருக்கும். ராஜாஜியின் ஆரம்பக் கல்வித் திட்டம். கிராமப்புறப் பள்ளிகளில் மூன்று மூன்று மணி நேரமாக இரண்டு வேளை. பிள்ளை ஒரு வேளை மட்டும் பள்ளிக்கு வரும், மறுவேளை தகப்பன் தொழிலைப் பழகும். அதே ஆசிரியர், அதே கட்டடம், இரட்டிப்புப் பிள்ளைகள். எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி என்கிற அரசியல் சட்ட வாக்குறுதியைக் காசில்லாமல் நிறைவேற்ற இதுவே வழி என்றார்கள். சட்டமன்றத்தில் அந்த ஜூலையில் திட்டத்தைக் கைவிடச் சொன்ன தீர்மானம் 138க்கு 138 என்று சமமாக நின்றது. ஆராய அமைத்த பருலேகர் குழு திட்டத்துக்கு ஆதரவாகவே எழுதியது. கல்வியியல்ரீதியாகப் பார்த்தால் அந்தக் குழுவிடம் வாதங்கள் இருந்தன, ஆலை ஆய்வாளர்களிடம் இருந்த மாதிரி. பெரியார் கல்வியியலுக்குள் போகவே இல்லை. மீதி மூன்று மணி நேரத்தைக் கையில் பிடித்துக்கொண்டார். குலக்கல்வி என்று பெயர் வைத்தார். சாதிச் சமூகத்தில் வீடு என்பது வெறும் வீடு இல்லை. சலவைத் தொழிலாளி மகனுக்கு அது வெள்ளாவி, சக்கிலியர் மகனுக்குத் தோல். நூற்றாண்டுகளாகப் புத்தகம் இருந்த வீட்டுக்கு மட்டும் அது இன்னொரு பள்ளி. திமுக மும்முனைப் போராட்டத்தில் இதை ஒரு முனையாக்கியது. 1954இல் ராஜாஜி விலகினார், காமராஜர் வந்தார், மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது.

டெக்சாஸும் தமிழ்நாடும் ஒன்றல்ல. அங்கே விரும்பிக் காசு கட்டிச் சேர்கிறார்கள், இங்கே அரசு சுமத்தியது. அங்கே மீதிப் பாதியில் பிள்ளைக்கு லத்தீன், இங்கே வெள்ளாவி. ஆனால் 1953இல் கேட்ட கேள்வி அங்கேயும் செல்லும். வசதியுள்ள வீட்டில் மீதிப் பாதி பிள்ளையின் தோளில் விழவில்லை, தாயின் தோளில் விழுந்தது, அதனால்தான் பிள்ளை நன்றாகப் படிக்கிறது. மீதிப் பாதியைத் தாங்க ஆளில்லாத வீட்டில் அது பிள்ளையின் தோளுக்கே இறங்கிவிடும்.

இந்த வாதத்தை இத்தோடு நிறுத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். விடாமல் உறுத்துகிற ஒரு புள்ளிவிவரம் இருக்கிறது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்குத் துறை எடுத்த ஆய்வின்படி, 2020 வசந்தத்தில் பள்ளிவயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் 5.4 சதவீதம் வீட்டுக்கல்வியில் இருந்தன. இலையுதிர் காலத்தில் அது 11.1 ஆயிற்று. கறுப்பினக் குடும்பங்களில் மட்டும் 3.3இலிருந்து 16.1. தொற்றுக்காலம் என்பது ஒரு காரணம். ஒரே காரணம் இல்லை. தங்கள் பிள்ளைகளை, குறிப்பாகப் பையன்களை, பள்ளி எப்படித் தண்டிக்கிறது, எப்படிக் குறைத்து மதிப்பிடுகிறது என்பதைத் திரையில் நேராகப் பார்த்தோம் என்று தாய்மார்கள் பேசினார்கள். 'அரசுப் பள்ளியைக் காப்போம்' என்று அவர்களிடம் போய்ச் சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை. எந்தப் பள்ளியை, யாரிடமிருந்து, யாருக்காகக் காப்பது? அரிசோனாவில் பீனிக்ஸ் பகுதியில் பிளாக் மதர்ஸ் ஃபோரம் என்ற அமைப்பு 2021இல் சிறுபள்ளிகளை நடத்தத் தொடங்கியது. ஒரு தாய் தன் மேசையில் தனியாக உட்காருவதற்குப் பதில், சில குடும்பங்கள் சேர்ந்து ஓர் இடம்.

இதற்கு முன்னோடியும் உண்டு. 1964 கோடையில் மிசிசிப்பியில் நடந்த விடுதலைப் பள்ளிகள். நாற்பது பள்ளிகள் அளவில், இரண்டாயிரத்துக்கும் அதிகமான மாணவர்கள். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், மரத்தடியில், வீட்டுத் திண்ணையில் நடந்தவை. அவையும் பகுதிநேரப் பள்ளிகள்தாம், கட்டணமில்லாதவை. காலையில் கறுப்பின வரலாறு படித்த பிள்ளை, மீதிப் பாதியில் வாக்காளர் பதிவுக்கு வீடு வீடாகப் போயிற்று. மீதிப் பாதியை அங்கே இயக்கம் எடுத்துக்கொண்டது. மாற்றுக்கல்வி பற்றி யோசிக்கிற நம் தோழர்கள் பள்ளி நேரத்தைக் குறைப்பதைப் பற்றிப் பேசுமுன் இந்தக் கணக்கைப் போடலாம். குறைத்த நேரத்தைத் தாங்க யார் இருக்கிறார்கள், அவர்களுக்கு யார் கூலி தருவது, அல்லது யார் யாரோடு அதைப் பங்கிட்டுக்கொள்வது.

கூலி என்றதும் கடைசியாக ஒன்று. டெக்சாஸ் 2025 மே மாதம் ஒரு சட்டம் இயற்றியது. அரசுப் பணத்தைப் பெற்றோரின் பெயரில் கணக்காகத் திறந்து தனியார் கல்விக்குச் செலவிடலாம் என்கிற திட்டம். ஒதுக்கீடு நூறு கோடி டாலர். 2026-27 கல்வியாண்டு முதல் நடைமுறை. அரிசோனா 2022இலேயே இதை எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட்டது. டெக்சாஸ் சட்டப்படி தனியார் பள்ளிப் பிள்ளைக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 10,000 டாலர், வீட்டுக்கல்விப் பிள்ளைக்கு அதிகபட்சம் 2,000 டாலர். லீப்பர் தீர்ப்பில் வீடும் தனியார் பள்ளியும் ஒன்று. பணம் என்று வந்ததும் வீடு ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் பள்ளி, மூன்று நாள் வீடு என்று போகிற பிள்ளை இந்த இரண்டில் எந்தப் பெயரில் ஏறும் என்பதில் எட்டாயிரம் டாலர் தொங்குகிறது. கட்டணம், பாடநூல், வெளி ஆளிடம் டியூஷன் ஆகியவற்றுக்கெல்லாம் அந்தக் கணக்கிலிருந்து பணம் போகலாம். சொல்லிக்கொடுத்த 540 மணி நேரத்துக்காகத் தாய் அதிலிருந்து தனக்கென்று ஒரு டாலர் எடுக்க முடியாது.